அயர்லாந்தின் என்னிஸ் ஊரில் மூன்று நாள் தங்குகிறோம், இரண்டு பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். மோஹர் பாறைகளைத் தவிர என்ன பார்க்கலாம்?

நம்மவர்கள் பெரும்பாலும் ஷானன் விமான நிலையத்தில் இறங்கி, என்னிஸில் ஓர் இரவு படுத்து எழுந்து, காலையில் மோஹர், மாலையில் கால்வே என்று ஓடிவிடுவார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். கடலிலிருந்து 214 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையின் உச்சியில் நின்றுகொண்டு வெறும் பனிமூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அதனால் மோஹருக்கு நாள் குறிக்காதீர்கள். தினமும் காலையில் வானத்தைப் பாருங்கள், வெளுத்திருந்தால் கிளம்புங்கள். மே, ஜூன் மாதமென்றால் பஃபின் பறவைகளும் தென்படும்.

ஒரு முழு நாளைப் பர்ரனுக்கு ஒதுக்குங்கள். என்னிஸ் இருக்கிற கிளேர் கவுண்டியின் (மாவட்டத்தின்) வடக்கே, மலையும் சரிவுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை. ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது கூட்டிப்போனேன். கரிசல் காட்டில் வெள்ளாமை பார்த்தவர். காரை விட்டு இறங்கியதும், "ஏம்ப்பா, இங்க மண்ணே இல்லையா?" என்றுதான் கேட்டார். 17-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த, ஆங்கிலேயப் படைத்தலைவர் குரோம்வெல்லின் தளபதி லட்லோவும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லியிருக்கிறார்: ஒருவனை மூழ்கடிக்கத் தண்ணீர் இல்லை, தூக்கில் போட மரம் இல்லை, புதைக்க மண் இல்லை. என்ன பேச்சு பாருங்கள்!

மண் இருக்கிறது, பாளங்களுக்கு நடுவே உள்ள வெடிப்புகளில். குனிந்து எட்டிப் பார்த்தால் அந்த இடுக்குக்குள் பெரணி, மே மாதமானால் விளிம்பில் கருநீலத்தில் ஜென்ஷியன் பூ. ஆல்ப்ஸ் மலையில் பூப்பதும் மத்தியதரைக் கடலோரத்தில் பூப்பதும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் பூக்கின்றன. பாறையிலேயே பவளப் புதைபடிவங்கள் தெரியும். சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன் இது வெப்பக் கடலின் அடித்தளம். பிள்ளைகளிடம் தேடச் சொல்லிவிட்டால் ஒரு மணி நேரம் உங்களுக்கு நிம்மதி. ஆனால் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். அம்மாவின் ரப்பர் செருப்பு ஒன்று வெடிப்புக்குள் விழுந்து, அதைக் குடைக்காம்பால் எடுக்க நான் பட்ட பாடு!

அம்மாவுக்குப் பிடித்துப்போனது மாட்டுக் கதைதான். மற்ற இடங்களில் கோடையில் மாட்டை மலைக்கு ஓட்டுவார்கள், குளிருக்குக் கீழே இறக்குவார்கள். இங்கே தலைகீழ். கோடையில் உள்வாங்கிய சூட்டைப் பாறை விடாமல் வைத்திருக்கும், மேலே சேறும் சேராது, அதனால் குளிர்காலத்தில்தான் மாடு மேலே போகும். இன்னொன்று, டர்லாக் என்கிற ஏரிகள். மழை பெய்தால் நிலத்தடியிலிருந்து தண்ணீர் ஊறி நிரம்பும், பிறகு அதே வழியாக வடிந்து புல்வெளியாகிவிடும். போன மாதம் ஏரியாக இருந்த இடத்தில் இந்த மாதம் மாடு மேயும்.

புல்நப்ரோன் கல்திட்டையும் அங்கேதான், என்னிஸிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். 30-க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்த, 5,000 ஆண்டுக்கும் மேல் பழைய ஈமச்சின்னம். பேருந்தை நம்பிப் பர்ரன் சுற்ற முடியாது, வாடகைக் கார் எடுத்துவிடுங்கள். நம்மூர் மாதிரி இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், சாலைதான் ரொம்பக் குறுகல்.

என்னிஸ் ஊருக்குள் பார்க்க அரை நாள் போதும். 13-ஆம் நூற்றாண்டில் ஓ'பிரையன் வம்சத்தார் எழுப்பிய பிரான்சிஸ்கன் மடத்தில் கல்சிற்பங்கள் நன்றாக இருக்கும் (குளிர்காலத்தில் மூடியிருக்கும்). நடுவீதியில் தூண்மேல் சிலையாக நிற்பவர் கத்தோலிக்கத் தலைவர் டேனியல் ஓ'கானல். 1828-இல் இந்தக் கிளேர் தொகுதியில் அவர் ஜெயித்ததுதான், மறு வருடமே கத்தோலிக்கர்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உட்கார வழி திறந்தது. குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் கொள்ளுத்தாத்தா ஏப் கிரேடி இந்த ஊர்க்காரர் என்றால் நம்புவீர்களா? 2009-இல் அலியே நேரில் வந்தார், கௌரவக் குடிமகன் ஆக்கினார்கள்.

சாயங்காலம் பப்புக்குப் போங்கள், குடிக்காவிட்டாலும். பெற்றோருடன் வரும் பிள்ளைகளுக்கு ஒன்பது மணி வரை அனுமதி உண்டு, மே முதல் செப்டம்பர் வரை பத்து மணி. மேடை, மைக் எதுவும் கிடையாது. பிடில், கான்செர்டினா (கைத்துருத்தி வாத்தியம்), புல்லாங்குழல் என்று ஆளாளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். கூட்டத்தில் ஒரு மூலை மேசை மட்டும் காலியாகக் கிடக்கிறதே என்று போய் உட்கார்ந்துவிடாதீர்கள், அது அவர்களுடையது. நான் உட்கார்ந்து, பிடில் பெட்டியோடு வந்த ஒரு பாட்டி என் பக்கத்தில் நின்று சிரித்த பிறகுதான் எழுந்தேன்.