தொட்டு அளந்தால் 22.71, தொடாமல் அளந்தால் 22.94: கண் லென்ஸ் கணக்கில் எதை நம்புவது?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, வலது கண்ணில் புரை. ஒரு மருத்துவமனையில் மரப்பு மருந்து விட்டு, பேனா மாதிரி ஒன்றைக் கண்மேல் வைத்து அளந்தார்கள். கண்ணின் நீளம் 22.71 மி.மீ. இன்னொரு இடத்தில் மெஷின் முன்னால் தாடையை வைக்கச் சொல்லி, கண்ணைத் தொடாமலே அளந்தார்கள், 22.94. ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் பவர் மட்டும் இரண்டு சீட்டிலும் 22.0. தொடாத மெஷினை நம்பலாமா? அளவு வேறு, பவர் ஒன்று என்றால் யாராவது சும்மா எழுதிக் கொடுத்திருப்பார்களோ?

பதில்: நம்பலாம். கண்ணின் நீளத்தைப் பொறுத்தவரை, தொட்டு அளப்பதைவிடக் கூடுதலாகவே நம்பலாம். சும்மா எழுதியதாகவும் தெரியவில்லை.

முதல் இடத்தில் செய்தது ஏ-ஸ்கேன். ஒலி அலை விழித்திரையில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்பதை வைத்து நீளத்தைக் கணக்கிடுவார்கள். அந்தப் பேனா மாதிரியான புரோபை வைத்ததும் கருவிழி கொஞ்சம் அமுங்கும். அதனால் 0.1 முதல் 0.3 மி.மீ. வரை நீளம் குறைந்து காட்டுவது சகஜம். அளப்பவர் கை மாறினால் அதுவும் மாறும். உங்கள் 0.23 பெரும்பாலும் அந்த அழுத்தம்தான். சின்னக் கிண்ணத்தில் திரவம் நிரப்பி, கருவிழி அமுங்காமல் அளக்கும் இமெர்ஷன் முறையில் இந்தத் தொல்லை இல்லை. நேரம் பிடிக்கும் என்று அதைத் தவிர்ப்பவர்கள் உண்டு.

தொடாத மெஷின் ஒலிக்குப் பதில் அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகிறது. ஸைஸ் நிறுவனத்தின் ஐஓஎல் மாஸ்டர் 1999இல் வந்த பிறகு இந்த முறை பரவியது. அம்மா உள்ளே தெரியும் விளக்கை நேராகப் பார்க்கும்போது, அவர் பார்வை விழும் புள்ளி வரைக்குமான நீளத்தையே அது எடுக்கும். எத்தனை முறை எடுத்தாலும் நூறில் ஒன்றிரண்டு மி.மீ.தான் வித்தியாசப்படும்.

அடுத்து பவர். நீளத்தில் 1 மி.மீ. பிசகினால் லென்ஸ் கணக்கு ஏறத்தாழ 2.5 பவர் பிசகும். 0.23க்கு அரை பவருக்குச் சற்று மேல். அப்படியானால் ஒரு சீட்டில் 21.5 வந்திருக்க வேண்டுமே என்கிறீர்களா? சூத்திரத்தில் 'ஏ-கான்ஸ்டன்ட்' என்று ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு எண் உண்டு. அமுக்கி அளந்த நீளத்துக்கு ஒன்று, ஒளியால் அளந்ததற்கு அதைவிடச் சுமார் 0.5 கூடுதலாக இன்னொன்று. அந்தந்த முறைக்கு அதற்குரிய எண்ணைப் போட்டால் இரண்டுமே 22.0இல் வந்து நிற்கும். ஒளி மெஷினின் நீளத்தோடு ஏ-ஸ்கேனுக்கான எண்ணைப் போட்டுவிடுவதுதான் ஆபத்து; மெஷின் எவ்வளவு உசத்தி என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

தொடாத மெஷினுக்கும் பலவீனம் உண்டு, ஆனால் அது நீளத்தில் இல்லை. கருவிழியின் வளைவை, அதாவது சீட்டில் கே1, கே2 என்று இருப்பதை, கண்ணீர்ப் படலத்தில் விழும் ஒளியின் பிரதிபலிப்பை வைத்தே அது அளக்கிறது. கண் உலர்ந்திருந்தாலோ, கொஞ்ச நேரத்துக்கு முன் மரப்பு மருந்து விட்டிருந்தாலோ, புரோபு பட்டிருந்தாலோ அந்தப் படலம் கலைந்திருக்கும். கே அளவில் 1 பிசகினால் லென்ஸிலும் கிட்டத்தட்ட 1 பிசகும். ஆகவே தொடாமல் அளப்பதை முதலில் முடித்துவிட்டு, மருந்து விடுவது, தொடுவது எல்லாவற்றையும் பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே நாளில் இரண்டு இடத்துக்கும் போயிருந்தால், இரண்டாவது சீட்டின் கே அளவுகளை எனக்கு அவ்வளவாக நம்பத் தோன்றாது. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அதை முன்கூட்டியே கழற்றி வைக்க வேண்டும். மென்மையான லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், கடினமானது என்றால் இன்னும் அதிகம். கண்ணாடியைத் தவிர்க்கக் கருவிழியின் வளைவை லேசரால் மாற்றும் லேசிக் சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு இரண்டும் இருக்காது என்றே நினைக்கிறேன்.

புரை முற்றி வெள்ளையாகிவிட்டால் ஒளி ஊடுருவாது. மெஷின் அளவே காட்டாது, அல்லது எச்சரிக்கைக் குறியோடு காட்டும். அப்போது ஏ-ஸ்கேனைத் தவிர வழியில்லை. ஸ்வெப்ட்-சோர்ஸ் என்ற புதிய வகை மெஷின்கள் கொஞ்சம் அடர்த்தியான புரையையும் தாண்டி அளக்கின்றன.

இடது கண்ணின் நீளத்தை நீங்கள் எழுதவில்லை. தொடாத மெஷின் தந்த சீட்டிலேயே அதுவும் இருக்கும், பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் 0.3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்து, அம்மாவுக்குச் சிறுவயதிலிருந்தே இரண்டு கண்ணுக்கும் ஒரே மாதிரி பவர்தான் என்றால், ஆபரேஷனுக்கு முன் மறுபடி அளந்துவிடச் சொல்லுங்கள்.