நந்தி மலை கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்

கேள்வி: பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் குடியிருக்கிறோம். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டரை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நந்தி மலைக்குப் போனோம். நான்கு மணிக்கே குழந்தைகளை எழுப்பியும் அடிவாரத்தில் வண்டி வரிசையில் மாட்டிக்கொண்டோம். மலைப்பாதையில் மகள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். மேலே ஒரே பனிமூட்டம். மகன் அழுத அழுகையில் அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டோம். கூட வந்த மாமியாருக்கு முட்டி வலி வேறு. அடுத்து மேக்கேதாட்டு போகலாம் என்கிறார் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது. சின்னக் குழந்தைகளோடு ஒரே நாளில் போய்வர எந்த இடம் நல்லது?

பதில்: நந்தி மலை மேல் குற்றமில்லை. 1,478 மீட்டர் உயரத்தில் நின்று மேகத்தைக் கீழே பார்ப்பது பெரியவர்களின் சந்தோஷம். ஐந்து வயதுக் குழந்தைக்கு இயற்கை என்பது கைக்கு எட்டுகிற தூரம் மட்டும்தான். பல வருடமாகக் குழந்தைகளை ஏரிக்கரை, காட்டோரம் என்று நடக்கக் கூட்டிப்போகிறேன். நான் கழுத்து வலிக்க அண்ணாந்து பருந்தைக் காட்டிக்கொண்டிருப்பேன்; அவர்கள் குனிந்து எறும்புப் புற்றில் குச்சியை விட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் காட்சியை வைத்து இடம் தேடாதீர்கள். போகிற நேரத்தையும் நிழலையும் கழிப்பறையையும் வைத்துத் தேடுங்கள்.

நேரம் என்றால், ஊரின் உங்கள் பக்கத்திலேயே இருக்கிற இடம் என்று அர்த்தம். நீங்கள் இருப்பது தெற்கு மூலை. நந்தி மலை வடக்கே. பெங்களூருவைக் குறுக்கே கடப்பதே பாதிப் பயணம். வண்டியில் ஒரு வழிக்கு ஒன்றேகால் மணி நேரம், அதற்கு மேல் இந்த வயதில் வேண்டாம்.

இப்போது வாந்தி விஷயம். இதைச் சரிசெய்யாமல் எந்த இடம் சொன்னாலும் பயனில்லை. வண்டி ஆடுவதும் திரும்புவதும் உள்காதுக்குத் தெரிகிறது. குழந்தையின் கண்ணோ முன்சீட்டின் முதுகையோ போனையோ பார்த்துக்கொண்டு ‘நாம் அசையவே இல்லை’ என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. இரண்டு வயதுக்குக் கீழே இது அபூர்வம். இரண்டிலிருந்து பன்னிரண்டு வரை அதிகம். உங்கள் மகனும் அந்த வயதுக்குள் வந்துவிட்டான், பார்த்துக்கொள்ளுங்கள். மகளின் குழந்தை இருக்கையைப் பின்சீட்டின் நடுவில் சரியாகப் பொருத்த முடிந்தால் அங்கே வையுங்கள், முன்கண்ணாடி வழியே சாலை தெரியும். போனில் கார்ட்டூன் கூடவே கூடாது. அழுகையை நிறுத்தப் போனைக் கொடுக்கிறோம், பத்தாவது நிமிடம் வாந்தி வருகிறது. இதை எத்தனை குடும்பங்களில் பார்த்துவிட்டேன்! வெறும் வயிறும் ஆகாது, பூரியும் பாலும் ஆகாது. இரண்டு இட்லி, தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் சர்க்கரை, போதும். வண்டியில் வாசனைத் திரவியம் தொங்கினால் கழற்றிவிடுங்கள். பாட்டி எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தால் கொடுக்கட்டும், கெடுதல் இல்லை. மாத்திரை வேண்டுமென்றால் உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டுத்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த மருந்தெல்லாம் வேண்டாம்.

முதல் பயணத்தை வண்டியே இல்லாமல் வையுங்கள். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் பாதை திறந்த பிறகு எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர்களுக்கு லால்பாக் பக்கமாகிவிட்டது. ஆர்.வி. ரோடு நிலையத்தில் பச்சைப் பாதைக்கு மாறினால் மூன்றாவது நிலையம் லால்பாக். ‘லால்பாக்கா? அது ஊருக்குள்ளே இருக்கிற பூங்காவாச்சே’ என்று உங்கள் கணவர் சிரிப்பார். சிரிக்கட்டும். 240 ஏக்கர் நிழல், ஏரி, கெம்பே கவுடா கோபுரம் நிற்கிற பாறை. அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி வருடம். மகளை அதன் மேல் செருப்பில்லாமல் ஏறவிடுங்கள்; காலை எட்டு மணிக்குள் என்றால் சூடு இருக்காது. உச்சி வரை ஏறிவிட்டால், அவளைப் பொறுத்தவரை அது மலைதான். மாமியார் கீழே பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம்.

அடுத்தது பன்னேருகட்டா உயிரியல் பூங்கா. உங்களுக்கு ஜிகணி வழியாகப் போகலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. எல்லோரும் சஃபாரி வரிசைக்கு ஓடுவார்கள். இரண்டரை வயதுப் பையனை அந்த வரிசையில் நிறுத்துவதற்கு நந்தி மலையே தேவலாம். நேராக வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போங்கள். இங்கே மட்டும் விடியற்காலைக் கணக்கு செல்லாது. வெயில் பட்டு உடம்பு சூடேறினால்தான் வண்ணத்துப்பூச்சி பறக்கும், அதனால் பத்து மணிக்கு மேல் போவதே சரி. மழைக்கு நடுவே வெயில் அடிக்கிற செப்டம்பர், அக்டோபர் நாட்களில் கூட்டம் கூட்டமாக இருக்கும் (மனிதர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்).

மாமியாரும் வருகிறார் என்றால் என் முதல் தேர்வு தொட்ட ஆலத மரம். நைஸ் ரோடு வழியாக மைசூரு ரோட்டைப் பிடித்து, ராமோஹள்ளிப் பக்கம் திரும்ப வேண்டும். ஏறக்குறைய 400 வயது, மூன்று ஏக்கர் பரப்பில் ஒரே ஆலமரம். தாய் மரம் நோய் வந்து பட்டுப்போய்விட்டது. இன்று நிற்பதெல்லாம் விழுதுகள் ஊன்றிய அடிமரங்கள்தான். ‘ஆல்போல் தழைத்து’ என்று வாழ்த்துகிறோமே, அதை மாமியார் பேரப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்டலாம். தரை சமம், முட்டிக்குச் சிரமமில்லை.

அங்கே ஒரே தொல்லை குரங்குதான். பிஸ்கட் பாக்கெட்டோ பிளாஸ்டிக் பையோ குழந்தையின் கையில் இருக்கக் கூடாது. சாப்பாடு வண்டிக்குள்ளேயே, கண்ணாடியை ஏற்றிவிட்டு. குரங்கைப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரித்தால் அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். இன்னொன்று, பெரிய மரங்களிலும் பாறைகளிலும் மலைத்தேனீ அடை தொங்கும். அண்ணாந்து ஒரு முறை பார்த்துவிட்டுப் பாயை விரியுங்கள்.

மேக்கேதாட்டு? உங்கள் பயம் நியாயமானது. ஆடுதாண்டும் காவிரி என்று நம் ஊர்க்காரர்கள் சொல்லும் இடம் அதுதான். அர்க்காவதி காவிரியில் கலக்கும் சங்கமத்தில் ஆற்றைத் தாண்டி, அங்கிருந்து இன்னும் நான்கு கிலோமீட்டர் போக வேண்டும். கல் சுழன்று சுழன்று குடைந்த குழிகள் தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. முழங்கால் ஆழம் என்று வைத்த அடுத்த அடி தலைக்கு மேல் போகும். அங்கே ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் மேலே அணையில் திறந்துவிட்டால் தண்ணீர் ஏறும். அதை விட, குழந்தை மூழ்கும்போது சினிமாவில் வருகிற மாதிரி கத்தாது. சத்தமே இல்லாமல் போய்விடும். எந்தத் தண்ணீர் ஓரமாக இருந்தாலும், ஒரு பெரியவர், போன் பையில், கை நீட்டினால் குழந்தையைத் தொடுகிற தூரத்தில். ‘எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்’ என்பதற்கு யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். மகனுக்குப் பத்து வயதாகட்டும், அப்போது போகலாம்.

குழந்தைகள் இதற்கெல்லாம் பழகிய பிறகு ஓர் இடத்துக்காக என் ஒன்றேகால் மணிக் கணக்கை நானே மீறுவேன்: கொக்கரே பெள்ளூர். சுமார் 80 கிலோமீட்டர். மைசூரு ரோட்டில் மத்தூருக்கு முன்பே பிரிய வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளம் பார்த்திருந்தால் உடனே புரியும். ஊருக்குள், வீட்டு வாசல் புளியமரத்திலேயே மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருக்கும். தொலைநோக்கி தேவையில்லை, தெருவில் நின்றாலே போதும். சீசன் டிசம்பரிலிருந்து மே வரை. குஞ்சுகளைப் பார்க்க பிப்ரவரி, மார்ச் நல்லது. நான் ஒரு முறை செப்டம்பரில் பத்துக் குழந்தைகளைக் கூட்டிப்போய் வெறும் மரத்தைக் காட்டிவிட்டு வந்தேன். அவர்கள் ஓர் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தார்கள், பெற்றோருக்குத்தான் முகம் சரியில்லை. தொப்பி கட்டாயம், மேலேயிருந்து எச்சம் விழும். கழிப்பறை வேலையை நெடுஞ்சாலையிலேயே முடித்துவிட்டு ஊருக்குள் போங்கள். பயன்படுத்திய டயப்பரைக் கட்டி வீட்டுக்கே எடுத்து வந்துவிடுங்கள், அது ஜனங்கள் குடியிருக்கிற தெரு.

பதினொரு மணிக்கெல்லாம் கிளம்பினால் மகன் வண்டியிலேயே தூங்கிவிடுவான். வழியில் மத்தூர் வடை விற்பார்கள், வாங்காமல் உங்கள் கணவர் வரமாட்டார். வாங்கட்டும். மகளுக்கு மட்டும் வீட்டுக்கு வந்து கொடுங்கள்.