அம்மாவின் புடவையை வெட்டலாமா? கலப்பு ஊடக ஓவியம்: கேள்வி பதில்

வண்ணத்தோடு துணி, கடிதம், புகைப்படம், பழைய காகிதம் ஆகியவற்றைச் சேர்த்துத் தங்களையும் தங்கள் மனிதர்களையும் வரைய முயல்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றை அவ்வளவு சீக்கிரம் விட எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி (நுண்கலை மாணவி, கும்பகோணம்): அக்கா, கேன்வாஸில் எதையாவது ஒட்டிவிட்டாலே அது கலப்பு ஊடக ஓவியம் ஆகிவிடுமா?

பெயரளவில் ஆகிவிடும். பிக்காசோ 1912-இல், பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் ஒரு கயிற்றையே சட்டமாக வைத்தார். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியில், ஹனோவர் நகரத்துக் குர்ட் ஷ்விட்டர்ஸ் 1919 முதல் டிராம் டிக்கெட், பொட்டலத் தாள், கிழிந்த அச்சுக் காகிதம் என்று குப்பையில் போனதைப் பொறுக்கி ஒட்டினார். நொறுங்கிய நாட்டைச் சொல்ல அதன் சிதறல்களையே எடுத்துக்கொண்டார். ஒட்டும் பொருள் தன்னோடு ஒரு வாழ்க்கையைக் கொண்டுவர வேண்டும், அம்மா. என் மாணவர்களிடம் நான் கேட்பது இதுதான்: இந்தத் துண்டை எடுத்துவிட்டு அதே நிறத்தைப் பூசினால் படத்தில் ஏதாவது குறையுமா? குறையாது என்றால் எடுத்துவிடு. வண்ணத்தால் முடிகிற வேலையை வண்ணமே செய்யட்டும்.

கேள்வி (வாசகி, சேலம்): அம்மா காலமாகி ஓராண்டு ஆகிறது. அவர் கட்டிய நூல் புடவை ஒன்றை வைத்து அவரை வரைய ஆசை. ஆனால் கத்தரிக்கோலை எடுத்தால் கை நிற்கிறது. என்ன செய்வது?

கை நின்றால் வெட்டாதீர்கள். வெட்டாமலே அந்தப் புடவையைப் படத்துக்குள் கொண்டுவர வழி இருக்கிறது. பலகையில் கெஸ்ஸோவை, அதாவது வண்ணத்துக்கு முன் பூசும் வெள்ளை அடிப்பூச்சை, கொஞ்சம் கனமாகப் பூசி, அது பாதி இறுகும்போது மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் பரப்பி, புடவையின் கரையை வைத்து உள்ளங்கையால் அழுத்தி எடுங்கள். தாள் மிக மெல்லியதாக இருந்தால் கரையின் மேடுபள்ளம் பதிந்துவிடும். புடவைக்கு ஒன்றும் ஆகாது. காய்ந்தபின் அந்தத் தடத்தின்மேல் நீர்த்த வண்ணத்தை ஓடவிட்டுத் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் நிறம் தங்கும். அங்கே இல்லாத துணி கண்ணுக்குத் தெரியும்.

சில மாதம் கழித்து வெட்ட மனம் வந்தால், நன்றாக இருக்கும் இடத்தைத் தேடாதீர்கள். ஈரக்கையைத் துடைத்துத் துடைத்து மெலிந்த முந்தானை, கொசுவம் செருகிச் செருகி நைந்த இடம், காலில் உரசிப் பிரிந்த கீழ்க்கரை, இவைதாம் அவர் வாழ்ந்த இடங்கள். முதலில் கஞ்சியெல்லாம் போக அலசிக் காயவையுங்கள். கஞ்சி இருந்தால் பூச்சி தேடி வரும். பிறகு பலகையிலும் துணியின் பின்புறத்திலும் அக்ரிலிக் மேட் மீடியத்தை (நிறமும் பளபளப்பும் இல்லாத, பசையாகவும் உதவும் பூச்சு) மெல்லியதாகத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்டுங்கள். சரிகை இருந்தால் அது காலப்போக்கில் கறுக்கும். அந்தக் கறுப்பையும் ஏற்றுக்கொள்ள முடிந்தால் மட்டும் சேருங்கள்.

இன்னொன்று. ஒட்டிய துணியின்மேல் அம்மாவின் முகத்தை அச்சு அசலாக வரைய வேண்டாம் என்பது என் கருத்து. பார்ப்பவர்கள் முகம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பார்களே தவிர, துணியைப் பார்க்க மாட்டார்கள். ஒரு சாண் அளவாவது வண்ணம் படாமல் விடுங்கள்.

கேள்வி (புதுச்சேரி): மஞ்சளையும் குங்குமத்தையும் நேரடியாக வண்ணமாகப் பயன்படுத்தலாமா?

சடங்காகச் செய்யலாம், நிலைக்கும் என்று நம்பிச் செய்யாதீர்கள். மஞ்சள் வெளிச்சத்தில் வேகமாக வெளிறிவிடும். காரம் பட்டால் சிவக்கும்; சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். அக்ரிலிக் மீடியமும் சற்றுக் காரத்தன்மை கொண்டது என்பதால் நீங்கள் நினைத்த நிறம் வராமல் போகலாம். அழிந்துபோவதே உங்கள் படத்தின் பொருள் என்றால், அதைவிடப் பொருத்தமான நிறம் இல்லை.

கேள்வி (கோயம்புத்தூர்): அப்பாவுடன் கடைசியாகப் போன பயணத்தின் பஸ் டிக்கெட்டுகள் இருக்கின்றன. ஒட்டலாமா?

கருவியில் அச்சாகி வந்தவை என்றால் உடனே நகலெடுத்துவிடுங்கள். அது வெப்பத்தில் கறுக்கும் தாள்; எழுத்து தானாகவே மறைந்துவிடும். பழைய அச்சு டிக்கெட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. செய்தித்தாளும் பழுக்கும், ஆனால் எழுத்து நிற்கும்.

கேள்வி (தம்பி ஒருவர், டொராண்டோ): பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வெறுங்கையோடு வந்தவர்கள். வீட்டில் ஒரு பழைய புகைப்படம்கூட இல்லை. எல்லோரும் பாட்டியின் கடிதம், தாத்தாவின் சட்டை என்று ஒட்டுகிறார்கள். எங்களிடம் ஒன்றுமே இல்லாதபோது நான் எதை ஒட்டுவேன்?

தம்பி, இந்தக் கேள்வியைத்தான் நான் பலமுறை படித்தேன். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், போரில் இடம்பெயர்ந்த 80 பேரிடம் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அவர்கள் வரைந்ததையும், அதைக் கட்டடக்கலை முறைப்படி ஒழுங்குசெய்த வரைபடத்தையும், அவர்கள் சொன்ன கதையையும், தம் ஓவியத்தையும் சேர்த்து 2011-இல் நூலாக்கினார். அவர்களிடமிருந்து வாங்கியது நினைவை மட்டும்தான்.

இன்று இரவு அப்பாவிடம் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, வீட்டை வரையச் சொல்லுங்கள். அம்மாவிடம் தனியாக, இன்னொரு தாளில். கிணறு எந்தப் பக்கம் என்பதில் இருவரும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். அதைத் திருத்த வேண்டாம். இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக, கீழே இருப்பது தெரியும்படி மெல்லிய காகிதத்தில் எடுத்து ஒட்டுங்கள். அவர்கள் பேசப் பேச நீங்கள் குறிப்பெடுத்த தாள், அழித்தெழுதிய கோடு, தேநீர்க் கறை, எல்லாம் உங்கள் பொருள்கள்தாம்.

சொந்தப் பொருள் இருந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. வட கரோலினாவில் 1911-இல் பிறந்து, சிறுவயதிலேயே நியூயார்க்கின் ஹார்லெமுக்கு வந்த கறுப்பின ஓவியர் ரொமேர் பியர்டன், பிறந்த மண்ணையும் வளர்ந்த தெருவையும் பத்திரிகைப் படங்களை வெட்டித்தான் கட்டியெழுப்பினார். ஒரு முகத்துக்குள் பல பேருடைய கண்ணும் வாயும் இருக்கும். தூரத்தில் ஒரு ரயில் போய்க்கொண்டிருக்கும். இரவல் காகிதத்தில் செய்த முகங்கள் அவை. ஆனால் அவருடைய மக்கள் அதில் தங்களைக் கண்டுகொண்டார்கள். உங்களுக்கும் அது முடியும்.

கேள்வி (மதுரை): குடும்பப் புகைப்படத்தின் அசலைக் கெடுக்காமல் படத்தை மட்டும் ஓவியத்தில் இறக்குவது எப்படி?

அசலை ஸ்கேன் செய்து, இடவலம் மாற்றி, லேசர் பிரிண்ட் எடுங்கள். மை தெளிக்கும் இங்க்ஜெட் பிரிண்ட் இந்த முறைக்கு ஆகாது. தண்ணீர் பட்டதும் கலைந்துவிடும். பலகையில் அக்ரிலிக் ஜெல் தடவி, பிரிண்டைக் குப்புற ஒட்டி, ஓர் இரவு முழுக்கக் காயவிடுங்கள். மறுநாள் பின்புறத்தை நனைத்து விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்தால் காகிதம் திரிதிரியாக உரிந்து, டோனர் என்னும் மைத்தூள் மட்டும் தங்கும். அவசரப்பட்டால் படமும் சேர்ந்து உரியும்.

அசிட்டோன் கொண்டு இறக்கும் முறையும் உண்டு. நைஜீரியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் ஓவியர் இன்ஜிடேகா அகுன்யிலி கிராஸ்பி அதில் வல்லவர். சற்றுத் தள்ளி நின்றால் ஓர் அறையில் கணவன் மனைவி உட்கார்ந்திருப்பார்கள். கிட்டே போனால் சுவரிலும் தரையிலும் குடும்ப ஆல்பத்து முகங்களும் நைஜீரியப் பத்திரிகைப் படங்களும் நிறைந்திருக்கும். ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு இன்னோர் ஊரால் சூழப்பட்டிருப்பதை வேறு எப்படிச் சொல்ல முடியும்! அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்கு அருகில் இல்லாமல் செய்யுங்கள்.

கேள்வி (சென்னை): கோபமோ துக்கமோ வரும்போதுதான் வரைகிறேன். அடுக்கடுக்காகப் போட்டுக் கடைசியில் எல்லாம் சேற்று நிறமாகிவிடுகிறது.

ஈரத்தின்மேல் ஈரம் போடுகிறீர்கள். அதிலும் சிவப்பும் பச்சையும், ஊதாவும் மஞ்சளும் ஈரமாகச் சந்தித்தால் சேறுதான். ஒவ்வோர் அடுக்கும் காயும்வரை பொறுங்கள், அல்லது மூன்று பலகைகளை அருகருகே வைத்து மாறி மாறி வேலை செய்யுங்கள். எண்ணெய் வண்ணமும் சேர்ப்பவர் என்றால் அக்ரிலிக் கீழே, எண்ணெய் மேலே; மாற்றிச் செய்தால் உரிந்துவரும்.

கோபத்தைச் சொல்ல மேலும் மேலும் பூசத்தான் வேண்டும் என்பதில்லை. காய்ந்த அடுக்கை உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள், ஒட்டிய காகிதத்தைப் பாதியில் கிழித்து எடுங்கள். கீழே புதைந்திருந்த நிறம் வெளியே வரும்போது, நீங்கள் பூசியபோது இல்லாத வேகம் அதில் இருக்கும்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி): கண் அழுத்த நோயால் பார்வை குறைந்துவருகிறது. கோட்டோவியம் வரைந்து பழகியவன் நான். இனி இதை விட்டுவிட வேண்டியதுதானா, அம்மா?

இல்லை, ஐயா. வங்காளத்துச் சாந்திநிகேதனின் ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜி 1957-இல் பார்வையை முழுவதுமாக இழந்தார். அதற்குப் பத்தாண்டு முன்பு அங்குள்ள இந்தி பவனத்தில் இடைக்காலப் பக்திக் கவிகளின் வாழ்வை மாபெரும் சுவரோவியமாகத் தீட்டியவர். இருள் வந்தபின் வண்ணக் காகிதங்களை வெட்டி ஒட்டினார், களிமண்ணில் செய்தார், 1972-இல் பீங்கான் ஓடுகளால் மறுபடியும் ஒரு சுவரையே அமைத்தார். அந்தக் காகித உருவங்களில் தயக்கம் கொஞ்சமும் தெரியாது.

நிறத்துக்கு ஓர் உறையாகக் காகிதங்களைப் பிரித்து, உறையின் மூலையில் நூல் முடிச்சு போட்டு அடையாளம் வையுங்கள். சாக்கு, வலை, சொரசொரப்பான கைக்காகிதம் என்று விரலுக்கு வேறுபாடு தெரிகிற பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். கோடு போட்ட கைக்கு ஓரம் வெட்டத் தெரியும். முதல் படத்தை முடித்ததும் எனக்குத் தெரிவியுங்கள், காத்திருப்பேன்.

கேள்வி (பெங்களூரு): பிரிந்துபோன தோழி எழுதிய கடிதங்களை ஒட்டி ஒரு வரிசை செய்திருக்கிறேன். காட்சிக்கு வைக்கலாமா?

காகிதம் உங்களுடையது, அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை அவருடையது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், அவர் உங்களை நம்பி எழுதியது அது. கேளுங்கள். கேட்க முடியாத நிலை என்றால், வாசிக்க முடியாதபடி அடுக்குகளுக்குக் கீழே போகட்டும். கையெழுத்தின் சாய்வும் அழுத்தமும் தெரிந்தால் போதும், உறவு தெரிந்துவிடும். வாசகங்கள் தெரியும்படி அனுமதியின்றி வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

கேள்வி (நாகப்பட்டினம்): மழைக்காலத்தில் ஒட்டிய காகிதத்தில் பூஞ்சை பிடிக்கிறது.

மாவுப் பசையை விட்டுவிட்டு அமிலமற்ற வெள்ளைப் பசைக்கு மாறுங்கள். மயில்துத்தம் கலந்த பசை பூச்சியைத் தடுக்கும், ஆனால் அதில் உள்ள செம்பு நாளடைவில் காகிதத்தையே அரிக்கும். படத்தை வெளிச்சுவரில் ஒட்டினாற்போல் மாட்டாமல், சட்டத்தின் பின்புற மூலைகளில் தக்கைத் துண்டு வைத்துக் காற்று போக இடம் விடுங்கள். கண்ணாடி போட்டால் படத்தைத் தொடாத அளவுக்கு இடைவெளி வேண்டும். அக்ரிலிக் நம் ஊர் வெப்பத்தில் இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அதே காரணத்தால் படங்களை முகத்தோடு முகம் சேர்த்து அடுக்காதீர்கள். பூஞ்சை ஏற்கெனவே வந்திருந்தால் ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். நிழலில் நன்றாகக் காயவைத்து, முகக்கவசம் அணிந்து, மென்மையான தூரிகையால் வீட்டுக்கு வெளியே தட்டி எடுங்கள்.