‘எம்.சி. எடுத்துட்டேன்’ – ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் டீச்சர்.

நான் கோலாலம்பூர் செந்தூல்காரன். பெயர் போட வேண்டாம், என் நண்பர்கள் உங்கள் தளத்தைப் படிக்கிறார்கள். சனிக்கிழமை வேலை முடிந்தால் நேராக கொலிசியம் தியேட்டர்தான், எந்தத் தமிழ்ப் படம் ஓடினாலும் பார்த்துவிடுவேன். 2024இல் வந்ததில் எனக்கு முதலிடம் ‘லப்பர் பந்து’. ‘மெய்யழகன்’ பார்த்து அழுதேன். கூட வந்த மூன்று பேரும் பாதியிலேயே போனை எடுத்துவிட்டார்கள். “ரெண்டு பேர் உக்காந்து பேசுறதெல்லாம் ஒரு படமா?” என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். ‘கொட்டுக்காளி’யை வீட்டில் பார்த்தேன், முடிவே இல்லாமல் முடிந்துவிட்டது போல் இருந்தது. அம்மா பார்க்கும் சீரியல்களை என்னால் சகிக்க முடியவில்லை, அதனால் வீட்டில் தினமும் சண்டை.

உண்மையில் கேட்க நினைத்தது வேறு. நம் மலேசியாவில் எடுக்கிற தமிழ் நாடகங்களையும் படங்களையும் பத்து நிமிடத்துக்கு மேல் என்னால் பார்க்க முடிவதில்லை. அதைச் சொன்னால் “நம்ம ஆளுங்கள நாமே ஆதரிக்கலன்னா யாரு ஆதரிப்பா?” என்கிறார்கள். பிடிக்காவிட்டாலும் டிக்கெட் வாங்க வேண்டியது நம் கடமையா டீச்சர்? ‘ஜகாட்’ மட்டும் இன்றைக்கும் மனதில் நிற்கிறது. அது ஏன் என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

க., செந்தூல்

*

வணக்கம் தம்பி.

கடைசியில் கேட்டதுதான் பெரிய கேள்வி. ஆனால் அதற்கான பதில் நீங்கள் அழுத இடத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன், அதனால் ‘மெய்யழகனி’லிருந்தே தொடங்குகிறேன்.

நான் அதைப் பினாங்கின் பிறை நகரில் பார்த்தேன், வெளியான முதல் வாரம். 1996இல் தஞ்சாவூரில் வீட்டை இழந்து சென்னைக்குப் போய்விடுகிற ஒரு குடும்பம், அந்த வீட்டுப் பிள்ளை இருபத்திரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான், வந்த இடத்தில் ஒருவன் “அத்தான்” என்று ஓடிவந்து ஒட்டிக்கொள்கிறான், இவனுக்கோ அவன் யார் என்றே தெரியவில்லை, கேட்கவும் கூச்சம். கதை அவ்வளவுதான். உங்கள் நண்பர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. படம் நீளம், வெளியான சில நாளில் அவர்களே சுமார் 18 நிமிடத்தைக் குறைத்தார்கள். நான் பார்த்தது குறைக்காத படம், இரவெல்லாம் பேசுகிற பகுதியில் பேச்சு பாடம் நடத்துவது போல ஆகிவிடும் இடங்களில் எனக்கும் கவனம் விலகியது.

ஆனால் அந்த சைக்கிள்! ஊரைவிட்டுப் போகும்போது இவர்கள் விட்டுவிட்டுப் போன பழைய சைக்கிள். இவனுக்கு அது நினைவிலேயே இல்லை. அங்கே ஒரு குடும்பம் அதை வைத்துத்தான் மேலே வந்திருக்கிறது, அந்த நன்றியை இத்தனை வருடமும் சுமந்துகொண்டு நிற்கிறான் கார்த்தி. நாம் மறந்துபோன ஒன்று இன்னொரு வீட்டில் சாமி மாதிரி இருக்கிறது என்று தெரியவரும்போது அரவிந்த் சாமியின் முகம் எப்படிச் சுருங்குகிறது என்று பாருங்கள். அப்புறம்தான் கார்த்தியின் பேர் தெரியாத வெட்கத்தில் அரவிந்த் சாமி விடியற்காலையில் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போகிறான்.

எனக்கு இது கதையாகத் தெரியவில்லை. சில வருடம் முன்பு தைப்பூசத்தில் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறிப்போகும் வழியில், ஒரு பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் “மூணாம் லயத்து அக்காதானே?” என்றாள். எங்கள் தோட்டத்தைச் செம்பனைக்கு மாற்றி, லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, இடித்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தச் சொல்லால் என்னைக் கூப்பிட உலகத்தில் இன்னும் பத்துப் பேர் இருந்தால் அதிகம். “நீங்க குடுத்த நோட்டுலதான் நான் ஆறாம் வகுப்பு எழுதினேன்” என்றாள். நான் எந்த நோட்டும் கொடுத்த நினைவில்லை, அவள் பேரும் வரவில்லை, சிரித்து மோரை வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இன்றுவரை அவள் பேர் எனக்குத் தெரியாது. பிறையில் அந்தப் படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் நான் எழுந்திருக்கவில்லை, பெருக்க வந்த பையன் என்னைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனான்.

இப்போது யோசித்துப் பாருங்கள், அந்தப் படத்தில் ‘அத்தான்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘சார்’ என்றோ ‘அண்ணா’ என்றோ போட்டால் என்ன மிஞ்சும்? கூப்பிடுகிற முறையிலேயே உறவு, உரிமை, ஊர் எல்லாம் வந்துவிடுகிறது. படத்தைத் தாங்குவது அந்த ஒரு சொல்தான்.

‘லப்பர் பந்து’ம் அப்படித்தான், அதுவும் மெய்யழகனுக்கு ஒரு வாரம் முன்னால்தான் வந்தது. ஊர் கிரிக்கெட், விஜயகாந்த் பாட்டு எல்லாம் எல்லாரும் பேசியாயிற்று. எனக்குப் பிடித்தது அந்த வீட்டில் கணவன் கெத்துவும் மனைவி யசோதையும் பேசாமலே பேசிக்கொள்கிற விதம். ஒரு வார்த்தைகூட நடிகர் பேசுவது போல் இல்லை.

‘கொட்டுக்காளி’ விஷயத்தில் உங்களோடு நான் ஒத்துப்போகவில்லை தம்பி. முடிவு இல்லை என்கிறீர்கள். அந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது, கவனித்தீர்களா? இசை போட்டிருந்தால் இங்கே பயப்படு, இங்கே பரிதாபப்படு என்று அது நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும். அது இல்லாததால் ஆட்டோ சத்தமும் சேவல் சத்தமும் ஆட்கள் முனகுவதும்தான் கேட்கிறது, நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. வழியில் ஒரு மாடு மறித்துக்கொண்டு நிற்கும், அத்தனை ஆம்பிளைகளும் என்ன செய்வதென்று நிற்பார்கள், ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக அதைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். பேய் பிடித்ததென்று சாமியாரிடம் கூட்டிப்போகும் வழியில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அந்த மீனாவுக்கு என்ன ஆகப்போகிறது என்பதற்குப் பதில் அங்கேயே ஓரளவு வந்துவிட்டது என்பது என் எண்ணம். இன்னொரு தடவை பாருங்கள், போனை வேறு அறையில் வைத்துவிட்டு.

சீரியலுக்காக அம்மாவோடு சண்டை போடாதீர்கள். சீரியலில் இழுக்கிறார்கள், அழவைக்கிறார்கள், ஒரு அறை விழுந்தால் ஆறு முகத்தைக் காட்டுகிறார்கள், எல்லாம் உண்மை. ஆனாலும் ‘எதிர்நீச்சல்’ ஓடிய நாட்களில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பெண்கள் எல்லாரும் ஆதி குணசேகரனைப் பற்றித்தான் பேசினார்கள். எல்லார் வீட்டிலும் ஒரு குணசேகரனைப் பார்த்திருக்கிறோம், அந்த “ஏம்மா ஏய்”யை ஏதோ ஒரு பெரியப்பா வாயிலோ மாமனார் வாயிலோ கேட்டிருக்கிறோம். குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் இறந்தபோது, அந்தத் தொடரின் டப்பிங் வேலையில் இருந்த மனிதர் அப்படியே போய்விட்டார் என்று கேட்டு, திரையில் அவரைத் திட்டித் தீர்த்த பெண்களே உட்கார்ந்து அழுதார்கள். அந்தப் பேச்சு அவ்வளவு உண்மையாக இருந்தது. அம்மாவுக்கு வேறு ஏதாவது காட்ட வேண்டும் என்றால் ‘அயலி’யைப் போட்டுக்கொடுங்கள், எட்டே பாகம். வயசுக்கு வந்தால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவார்கள் என்பதால் அதை மறைத்துவிட்டுப் படிக்கப் போகிற பெண்ணின் கதை. என் காலத்துத் தோட்டத்துப் பெண்களுக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

சரி, இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன்.

சில வருடம் முன்பு ஒரு உள்ளூர் நாடகத்துக்கு வசனம் எழுதித்தரக் கேட்டார்கள். யார் என்று சொல்லப்போவதில்லை. பிறையில் ஃபேக்டரி வேலைக்குப் போகும் ஒரு பையனின் கதை. அவன் அம்மாவிடம், “நேத்து எம்.சி. எடுத்துட்டேன்மா, இன்னிக்கு ஓ.டி. செஞ்சே ஆவணும்” என்று சொல்வதாக எழுதினேன். படப்பிடிப்பில் போய் நின்று கேட்கிறேன், அந்தப் பையன் “நேற்று மருத்துவ விடுப்பு எடுத்துட்டேன்மா, இன்னைக்குக் கூடுதல் நேரம் வேலை செய்யணும்” என்கிறான். கேட்டதற்கு, எம்.சி. என்றால் தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் புரியாது, அங்கே விற்க முடியாது என்றார்கள். ‘பசார்’, ‘தப்பாவ்’, ‘பாலாய்’ எல்லாவற்றையும் அடித்துவிட்டு சந்தை, பார்சல், காவல் நிலையம் என்று மாற்றியிருந்தார்கள். அடுத்த காட்சியில் அதே பையன் கோபத்தில் கத்த வேண்டும், உடனே மெட்ராஸ் ரவுடி பேச்சு வந்துவிட்டது. அந்தப் பிள்ளை நல்ல நடிகன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாமாக் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக்) கடையில் உட்கார்ந்து தன் அண்ணனோடு போட்ட சண்டையை எங்களுக்குச் சொன்னான், எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டோம். கேமரா முன்னால் போனதும் அந்த நாக்கை வெளியே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லிவிட்டார்கள். நான் அதற்குமேல் எழுதித்தரவில்லை. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நீங்கள் பத்து நிமிடத்தில் எழுந்து போவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். காசு இல்லை, கேமரா சரியில்லை என்பதெல்லாம் பிறகு. நம் வீட்டு முகம், நம் வீட்டு வாசல், ஆனால் பேச்சு மட்டும் வேறு எங்கிருந்தோ வருகிறது. சென்னைப் படத்தில் சென்னைப் பேச்சு நமக்கு உறுத்தவே உறுத்தாது. செந்தூல் பையன் அதைப் பேசினால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

‘ஜகாட்’ ஏன் நின்றது என்று கேட்டீர்கள். பெயரையே பாருங்கள். மலாய் ‘ஜாஹாட்’ நம் வாயில் புரண்டு புரண்டு ‘ஜகாட்’ ஆகி, அடங்காத பிள்ளையைத் திட்டுகிற நம் சொல்லாகிவிட்டது, அதையே தலைப்பாக வைத்தார் சஞ்சய் குமார் பெருமாள். தோட்டத்தை விட்டு வெளியே தள்ளப்பட்டு, எங்கே போவதென்று தெரியாமல் நிற்கும் குடும்பங்கள், 1990களின் தொடக்கம், அதில் அப்போய் என்ற பையன். அந்த அப்பா மகனைத் திட்டும்போது எங்கள் லயத்தில் பலகைச் சுவர் வழியாகப் பக்கத்து வீட்டிலிருந்து கேட்ட திட்டு அப்படியே கேட்டது எனக்கு, எந்த இடத்தில் மூச்சு வாங்குவார்கள் என்பது உட்பட. 2016இல் நாட்டின் திரைப்பட விழாவில் தேசிய மொழியில் இல்லாத படங்களைத் தனியாகப் பிரித்து வைத்ததைப் பற்றிப் பெரிய சர்ச்சை வந்தது, மலாய்க்காரக் கலைஞர்களே எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள், பிறகு பிரிவுகளை மாற்றினார்கள், சிறந்த மலேசியப் படம் என்ற விருது ஜகாட்டுக்கே கிடைத்தது. நம் லயத்துத் தமிழ் பேசிய படம், தம்பி. அதற்கும் முன்னால் 2005இல் தீபக் குமாரன் மேனன் எடுத்த ‘செம்மண் சாலை’யும் தோட்டத்தைப் பற்றியதுதான், கிடைத்தால் தேடிப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் புரியாது என்ற பேச்சையும் நான் நம்பவில்லை. ஜெ.கே. விக்கியின் ‘பூச்சாண்டி’ 2022இல் இங்கே வந்தது, பிறகு தமிழ்நாட்டிலும் திரையிட்டார்கள். மதுரையிலிருந்து வருகிற ஒருவர் நம் பையன்களிடம் பேய்க்கதை கேட்கிறார் என்று வைத்துவிட்டார், நம் ஆட்கள் நம் பேச்சிலேயே சொல்கிறார்கள், அவர் கேட்டுக்கொள்கிறார். முடிந்தது. ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் பாருங்கள், சசிகுமார் குடும்பத்திடம் யாழ்ப்பாணத்துப் பேச்சை வெளியில் காட்டிக்கொள்ளாதே என்று சொல்லி அனுப்புகிறார்கள், பேச்சு வெளிப்பட்டுவிடுமோ என்கிற பயத்திலேயே படம் நகர்கிறது. அகதிக்கு அந்தப் பயம் உண்டு, நியாயம். நமக்கு என்ன பயம்? நம்மை யார் பிடிக்கப்போகிறார்கள்?

டிக்கெட் கடமையா என்றால், இல்லை. இரக்கப்பட்டு வாங்கும் டிக்கெட் எடுத்தவருக்கும் அவமானம். ஆனால் ஒன்று, இங்கே தமிழ் பேசுகிறவர்கள் இருபது லட்சத்துக்குள்தான், ஒரு பெரிய நட்சத்திரப் படம் வந்தால் உள்ளூர்ப் படத்துக்குக் கிடைப்பது மதியக் காட்சி ஒன்றோ இரண்டோ. அதனால் பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியவாவது முதல் வாரத்திலேயே போய்ப் பாருங்கள், இரண்டாவது வாரம் இருக்காது. பார்த்துவிட்டு லப்பர் பந்தைப் பேசுவது போலவே அதையும் பேசுங்கள். “நம்ம படம், பரவால்ல” என்று தட்டிக்கொடுக்காதீர்கள், ஒரேயடியாகக் குப்பை என்றும் தள்ளாதீர்கள். எந்தக் காட்சியில், எந்த வசனத்தில் எழுந்து போகத் தோன்றியது என்று நண்பர்களிடம் சொல்லுங்கள். உங்களுக்குக் காது இருக்கிறது, ‘அத்தான்’ என்ற ஒரு சொல்லுக்கு அழுத காது அது.

அப்படி ஒரு வசனம் கேட்டால் அதை எனக்கும் எழுதி அனுப்புங்கள், அதை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்பதையும் சேர்த்து. இங்கே எழுதுகிற பிள்ளைகள் சிலர் என்னிடம் வருகிறார்கள், அவர்களிடம் காட்டுகிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.