மல்பார் என்னும் பெயர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், சேந்தாந்த்ரே என்னும் ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் முப்பாட்டனார் காரைக்காலில் கப்பலேறியவர். இங்கே எங்களை மல்பார் என்கிறார்கள். அண்மையில் கேரள நண்பர் ஒருவர், “மலபார் எங்கள் பக்கமாயிற்றே, நீங்கள் எப்படி மல்பார் ஆனீர்கள்?” என்று கேட்டார். பதில் தெரியவில்லை. இந்தப் பெயரை விட்டுவிட்டுத் தமிழர் என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. மலபார் மேற்குக் கரை. நம் முன்னோர் பெரும்பாலும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள்.

பெயரைப் பிரித்துப் பார்த்தால் முன்பாதி நம் ‘மலை’தான். 6ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய காஸ்மாஸ் என்னும் பயணி, மிளகு விளையும் அந்தக் கரையை ‘மலே’ என்கிறார். ‘பார்’ பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அரபியில் ‘பர்ர்’ என்றால் நிலம். மலைச்சரிவைக் குறிக்கும் ‘வாரம்’ திரிந்து வந்தது என்பாரும் உண்டு. எனக்கு முதல் விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. அரபு மாலுமிகள் போய்வந்த ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரிலும் அந்த ஈறு இருக்கிறதே. அவர்களே தமிழ்க் கரையை ‘மஅபர்’, அதாவது கடக்கும் துறை, என்றார்கள். அது வேறு சொல். மலபாரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் போர்த்துகீசியர் வந்தார்கள். 1498இல் அவர்கள் கால்வைத்தது மேற்குக் கரையில். அங்கே பழகிய பெயரைத் தமிழுக்கும் வைத்துவிட்டார்கள். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலின் போர்த்துகீசியத் தலைப்பைப் பாருங்கள்: ‘லிங்குவா மலவார் தமுல்’, அதாவது மலபார் தமிழ் மொழி. இரண்டு பெயரும் ஒரே வரியில்! டச்சுக்காரர்கள் இலங்கைத் தமிழரையும் மலபார் என்றே எழுதினார்கள். இந்தத் தீவில் 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்குப் பெருமளவில் வந்திறங்கிய நம்மவர்களையும் பிரெஞ்சுக்காரர்கள் அப்படியே அழைத்தார்கள். பக்கத்து மொரீசியசில் வடஇந்திய இந்துக்கள்தான் மல்பார். தமிழருக்கு ‘மத்ராஸ்’ என்று பெயர். இங்கே குஜராத்தி முஸ்லிம்களை ‘சராப்’, அரபியர், என்கிறார்கள். கப்பலில் வந்தவரை யார் ஊர் கேட்டுப் பெயர் வைத்தார்கள்?

தமிழர் என்று தாராளமாகச் சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். ஆனால் மல்பாரை விட்டுவிடாதீர்கள். அது பிறர் வைத்த பெயர்தான், கரை மாறிய பெயர்தான். என்றாலும் மொழியை இழந்த பிறகும் கோயிலைக் காப்பாற்றியவர்கள் அந்தப் பெயரில்தான் காப்பாற்றினார்கள்.

ஒரு கோயில் பந்தியில் எனக்குப் பரிமாறிய பாட்டியிடம், “உங்கள் பூர்வீகம் எந்த ஊர் பாட்டி?” என்று கேட்டேன். அவருக்குத் தமிழ் தெரியவில்லை. கேள்வி மட்டும் எப்படியோ புரிந்துவிட்டது. நெஞ்சில் கைவைத்து, “மி லே மல்பார்”, நான் மல்பார் என்றார். பிறகு, நறுக்கிய தக்காளியில் பச்சை மிளகாயும் இஞ்சியும் இடித்துப் போட்ட தொக்கை இலையோரம் வைத்து, “ருகாய்” என்றார். நம் ஊறுகாய்தான், முதலெழுத்து மட்டும் இல்லை. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.