கேமராவோடு ஒரு நோட்டும் வாங்கிக் கொடுங்கள்

திருமங்கலத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

ப்ளஸ் டூ படிக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கேமராவைத் தூக்கிக்கொண்டு சாமநத்தம் கண்மாய்க்குப் போய்விடுகிறாள், மியூசியத்தில் இருக்கும் பழைய பறவைகளை ஆராயப் போகிறேன் என்கிறாள், இதில் சோறு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்றவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான்.

அந்த வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டியில் நாம் பார்க்கும் பறவைகள் கொஞ்சம்தான். மற்றவை உள்ளறைகளில், இழுப்பறை இழுப்பறையாக, பஞ்சு அடைத்துப் பாடம் செய்யப்பட்டு மல்லாந்து கிடக்கும். ஒவ்வொன்றின் காலிலும் நூலில் கட்டிய ஒரு சீட்டு. கிடைத்த இடம், தேதி, ஆணா பெண்ணா, எடுத்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹியூம் 1885-இல் கொடுத்த இந்தியப் பறவைகள் இங்கிலாந்தில் டிரிங் என்ற ஊரில் இன்றும் இப்படித்தான் இருக்கின்றன. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்திலும் ஆயிரக்கணக்கில் உண்டு.

இவற்றை வைத்து என்ன செய்வார்கள்? 2017-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். சிகாகோவில் படித்த இரண்டு மாணவர்கள், ஒருவர் பறவை ஆய்வாளர், மற்றவர் புகைப்பட வரலாறு படித்தவர். 135 ஆண்டுகளில் சேர்ந்த 1,300-க்கும் மேற்பட்ட பறவைகளை ஒரே அளவு வெளிச்சத்தில் படம் எடுத்து, இறகில் படிந்த கரியை அளந்தார்கள். பறவை ஆண்டுதோறும் இறகை உதிர்த்துப் புதிதாக வளர்ப்பதால், எந்த ஆண்டுப் பறவையோ அந்த ஆண்டுக் கரிதான் அதன்மேல் இருக்கும். எந்தக் காலத்தில் நிலக்கரிப் புகை அதிகம், எப்போது குறைந்தது என்று அந்தப் படங்களே காட்டிவிட்டன. உங்கள் மகள் ஆசைப்படுவது இதைத்தான் என்றால், அது விளையாட்டுப் புத்தி இல்லை.

சரி, வேலை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நிரந்தர இடங்கள் குறைவு. தொடக்கத்தில் ஆராய்ச்சித் திட்டங்களில் ஒப்பந்த வேலைதான் கிடைக்கும். அதனால் அடிப்படைப் பட்டம் பலமாக இருக்க வேண்டும். மதுரையிலேயே லேடி டோக், அமெரிக்கன் கல்லூரிகளில் பி.எஸ்சி. விலங்கியல் இருக்கிறது. அப்புறம் மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் எம்.எஸ்சி. படிக்கலாம். அருங்காட்சியகப் பக்கமே போக வேண்டும் என்றால் பரோடா பல்கலைக்கழகத்தில் அருங்காட்சியகவியல் முதுகலை உண்டு. விலங்கியல் பட்டம் இருந்தால் இந்திய வனப்பணித் தேர்வு எழுதலாம், பி.எட். முடித்து ஆசிரியராகலாம். ஒரு கதவு மூடினாலும் பிள்ளை நடுத்தெருவில் நிற்க மாட்டாள்.

புகைப்படக் கலைப் படிப்பில் மட்டும் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. இந்தத் துறையில் கேமரா ஒரு கருவி, அவ்வளவுதான். லட்ச ரூபாய் லென்ஸ் கேட்டால் இப்போதைக்கு வாங்கித் தராதீர்கள். ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கிக் கொடுங்கள். எந்தக் கண்மாய், என்ன தேதி, எத்தனை மணி, எத்தனை பறவை, தண்ணீர் எவ்வளவு கிடந்தது என்று ஒவ்வொரு முறையும் அங்கேயே நின்று எழுதட்டும். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதினால் தப்பு வரும். இடமும் தேதியும் இல்லாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வுக்கு உதவாது. காலில் சீட்டு இல்லாத பறவையும் அப்படித்தான். ஆர்வத்தில் கூடு, முட்டை எதையும் எடுத்து வந்துவிடக் கூடாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

தேர்வு முடிந்ததும் கொடைக்கானல் செண்பகனூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். இயேசு சபைக் குருமார் 1895-இல் தொடங்கியது. அங்கே பாடம் செய்த பறவைகளின் முன்னால் அவள் எவ்வளவு நேரம் நிற்கிறாள், என்னென்ன கேட்கிறாள் என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். கல்லூரி விண்ணப்பத்தை அதன்பின் பேசி முடிவு செய்யலாம்.