சவ்வுக் கொழுப்பும் அதை வெட்டும் தாவர நொதிகளும்: கேள்வி பதில்

தாவர லிப்பிடுகள், அதாவது கொழுப்புப் பொருள்கள், பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (இளநிலை மாணவி): அக்கா, லைப்பேஸ் கொழுப்பைச் செரிக்கும் என்று படித்தோம். இலைக்குள்ளேயே அது இருந்தால், தன் செல் சவ்வையே ஏன் செரித்துவிடவில்லை?

பதில்: முதலில் இரண்டு கொழுப்புகளைப் பிரித்துக்கொள்வோம். நல்லெண்ணெயில் இருப்பது கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த டிரைகிளிசரைடு. சவ்வில் இருப்பதற்கு கொழுப்பு அமில வால்கள் இரண்டுதான். மூன்றாவது இடத்தில் தண்ணீரோடு ஒத்துப்போகும் ஒரு தலை இருக்கும். தலையில் பாஸ்பேட்டும் கோலினோ எத்தனாலமைனோ இருந்தால் அது பாஸ்போலிப்பிடு. கேலக்டோஸ் சர்க்கரை இருந்தால் கேலக்டோலிப்பிடு. பசுங்கணிகத்தின் தைலகாய்டு சவ்வில் பெரும்பங்கு இந்தக் கேலக்டோலிப்பிடுதான்.

பாஸ்போலிப்பிடை வெட்டும் நொதிகள் பாஸ்போலிப்பேஸ்கள். அவற்றின் பெயரிலேயே வெட்டும் இடம் இருக்கிறது. ஏ1 முதல் வாலை வெட்டும், ஏ2 நடு வாலை. சி, பாஸ்பேட்டுக்கு முன்னால் வெட்டி டைகிளிசரைடை விட்டுவைக்கும். டி, பாஸ்பேட்டுக்குப் பின்னால் வெட்டும். கோலின் பிரிந்து போக, சவ்வில் பாஸ்பாடிடிக் அமிலம் மிஞ்சும்.

சரி, ஏன் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளவில்லை? தாவரங்களில் அதிகம் காணப்படும் டி ஆல்ஃபா வகைக்கு, சோதனைக் குழாயில் மில்லிமோலார் அளவு கால்சியம் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். அமைதியாக இருக்கும் செல்லின் சைட்டோபிளாசத்தில் கால்சியம் ஒரு மைக்ரோமோலாரை (மில்லிமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விடக் குறைவு. செல் சுவரிலும், செல்லுக்குள் இருக்கும் சேமிப்புப் பையான வாக்குவோலிலும்தான் அது நிறைய இருக்கிறது. காயமோ வறட்சியோ குளிரோ வந்தால் கால்சியம் உள்ளே பாயும். அது ஒட்டியதும் நொதி சவ்வை நோக்கி நகரும். அமிலத்தன்மை கூடினால் இன்னும் குறைந்த கால்சியமே போதும்.

கேள்வி (முதுநிலை மாணவர்): மேடம், ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் பாஸ்போலிப்பேஸ் டி ஜீன்கள் 12 இருக்கின்றன. ஒரே வெட்டுக்கு இத்தனை எதற்கு?

பதில்: வெட்டு ஒன்றுதான். எந்தக் கொழுப்பை, எங்கே, எப்போது என்பதில்தான் வித்தியாசம். டி நொதியின் வகைகளில் ஆல்ஃபா 1 என்பது பாஸ்பாடிடில்கோலின், பாஸ்பாடிடில்எத்தனாலமைன், பாஸ்பாடிடில்கிளிசரால் என்ற மூன்று பாஸ்போலிப்பிடுகளையும் வெட்டும். பீட்டாவும் காமாவும் மைக்ரோமோலார் கால்சியத்திலேயே வேலை செய்யும், ஆனால் பிஐபி2 என்ற இன்னொரு சவ்வு லிப்பிடு உடன் இருக்க வேண்டும். ஜீட்டாவுக்குக் கால்சியமே வேண்டாம். அது பாஸ்பாடிடில்கோலினைத்தான் தேடிப்போகும். மண்ணில் பாஸ்பேட் குறையும்போது ஜீட்டா 2 பாஸ்போலிப்பிடை உடைத்துப் பாஸ்பேட்டை மீட்கும். அந்த இடத்தைக் கேலக்டோலிப்பிடு நிரப்பும். செடி தன் சவ்வையே சேமிப்புக் கிடங்காகப் பயன்படுத்துகிறது!

இதில் என்னை மிகவும் ஈர்த்தது உறைபனி ஆய்வுகள்தான். 2002-ல் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகக் குழு, ஆல்ஃபா 1 அடக்கப்பட்ட அராபிடாப்சிஸ் செடிகளை உறைய வைத்துப் பார்த்தது. அவற்றில் பாஸ்பாடிடில்கோலின் இழப்பு குறைவு, பாஸ்பாடிடிக் அமிலமும் குறைவு; உறைபனியைச் செடி நன்றாகத் தாங்கியது. பாஸ்பாடிடிக் அமிலத்தின் தலை சிறியது. அது அதிகமானால் இரட்டை அடுக்கு குலைந்து, பக்கத்துச் சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட வாய்ப்பு கூடும். அப்படியானால் டி நொதியே கெட்டது என்று சொல்லிவிடலாமா? கூடாது. 2004-ல் டெல்டா வகையைப் பார்த்தபோது முடிவு தலைகீழாக வந்தது: அதை நீக்கினால் செடி உறைபனிக்குச் சீக்கிரம் பலியானது, கூட்டினால் தாக்குப்பிடித்தது. டெல்டா பிளாஸ்மா சவ்வோடு ஒட்டியே இருப்பது. அங்கே உருவாகும் சிறிதளவு பாஸ்பாடிடிக் அமிலம் செல்லுக்கு எச்சரிக்கைச் செய்தியாகப் பயன்படுகிறது. நொதியின் பெயரை மட்டும் வைத்து நல்லது கெட்டது பேசும் கட்டுரைகளை நம்பாதீர்கள்.

கேள்வி (ஆய்வு மாணவி): இலையைக் குளோரோஃபார்ம்-மெத்தனாலில் அரைத்து டிஎல்சி (கொழுப்புகளைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்குச் சோதனை) ஓட்டினால் பாஸ்பாடிடிக் அமிலப் புள்ளி பெரிதாக வருகிறது. செடிக்குப் போதிய தண்ணீர் விட்டிருந்தேன்.

பதில்: பெரும்பாலும் அது செடியில் இருந்தது அல்ல, அரைக்கும்போது உருவானது. செல் உடைந்ததும் நொதி, கால்சியம், சவ்வு எல்லாம் கலந்துவிடும், நொதியோ உயிரோடு இருக்கும். மெத்தனால் இருந்தால் தண்ணீருக்குப் பதிலாக அதையே தலையில் ஒட்டிப் பாஸ்பாடிடில்மெத்தனாலும் செய்துவிடும். இலையைப் பறித்ததும் நேரே 75 டிகிரியில் இருக்கும் ஐசோபுரொப்பனாலில் போடுங்கள். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்க 0.01 சதவீதம் பிஎச்டி (BHT) என்ற வேதிப்பொருளைச் சேருங்கள், 15 நிமிடம் வைத்திருங்கள். அப்புறம்தான் மற்ற கரைப்பான்கள். அரைத்துவிட்டுச் சூடாக்குவதில் பயனில்லை.

கேள்வி (மாந்தோப்பு வைத்திருப்பவர், கிருஷ்ணகிரி): மேடம், மாம்பழத்துக்கு ஹெக்சனால் தெளிக்கிறார்களே, அது இதோடு சம்பந்தப்பட்டதா?

பதில்: நேரடியாகச் சம்பந்தப்பட்டதுங்க. பழம் கனியக் கனிய பாஸ்போலிப்பேஸ் டி சவ்வை வெட்டத் தொடங்கும், அதைத் தொடர்ந்து மற்ற நொதிகளும் வரும். சவ்வு தளர்ந்து பழம் மெத்தென்றாகும். ஹெக்சனால் (hexanal) என்ற தாவர வாசனைப் பொருள் இந்த முதல் வெட்டை மட்டுப்படுத்துகிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகமும் நம் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் இதில் சேர்ந்து வேலை செய்தன. அறுவடைக்கு முன் தெளிக்கும் கலவை அதில் வந்ததுதான். அளவையும் நாளையும் கோவைப் பல்கலைக்கழகத்திடமோ உங்கள் பகுதி வேளாண் அறிவியல் நிலையத்திடமோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த ஹெக்சனாலும் சவ்விலிருந்து வருவதுதான். இலை நசுங்கினால் லைப்பேஸ்கள் கொழுப்பு அமிலத்தைக் கழற்றும், லிப்பாக்சிஜனேஸ் அதில் ஆக்சிஜன் ஏற்றும், இன்னொரு நொதி 18 கார்பன் சங்கிலியை 6 ஆகவும் 12 ஆகவும் முறிக்கும். லினோலெயிக் அமிலத்திலிருந்து ஹெக்சனால், லினோலெனிக் அமிலத்திலிருந்து ஹெக்செனால் (hexenal). புல் வெட்டும்போது வரும் பச்சை வாசனையின் மையமே இந்த ஹெக்செனால்தான்.

கேள்வி: தாவர ஹார்மோனான ஜாஸ்மோனிக் அமிலமும் சவ்விலிருந்துதான் வருகிறதா?

பதில்: ஆமாம், அதே லினோலெனிக் அமிலத்திலிருந்து. பாதை மட்டும் வேறு. அராபிடாப்சிஸ் பூவில் அந்த அமிலத்தைக் கழற்றுவது டிஏடி1 என்ற ஏ1 வகை நொதி. அது இல்லாத செடியில் மகரந்தப்பை உரிய நேரத்தில் வெடிக்காது. வெளியிலிருந்து ஜாஸ்மோனிக் அமிலம் கொடுத்தால் வெடிக்கும்! இதன் மெத்தில் வடிவத்தை 1962-ல் மல்லிகை இன எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தார்கள்.

கேள்வி (அரிசி ஆலையில் வேலை செய்பவர்): தவிடு இரண்டு நாளில் காறிப்போகிறதே, அதுவும் சவ்வு வெட்டுதானா?

பதில்: முக்கியமாக இல்லை. தவிட்டில் அதிகம் இருப்பது சேமிப்பு எண்ணெய், அதாவது டிரைகிளிசரைடு. முழு நெல்லில் லைப்பேஸ் ஒரு அடுக்கிலும் எண்ணெய் வேறு அடுக்கிலும் இருக்கும். தீட்டும்போது இரண்டும் கலந்து, கொழுப்பு அமிலம் மளமளவென ஏறும். எண்ணெய் ஆலைக்கு அனுப்புவதாக இருந்தால், தீட்டிய கையோடு நீராவியில் வாட்டி லைப்பேஸைச் செயலிழக்கச் செய்து, ஈரம் போக உலர்த்திவிடுங்கள்.